ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடை

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை, கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறது, அவ்வளவுதான். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, அத்தானுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. திட்டுவதை அடுத்த பக்கத்தில் வைத்துக்கொள்.

போனில் கேட்டால் "ம்", "ம்" என்கிறாய். அத்தான் பக்கத்திலேயே இருக்கிறார் என்று புரிகிறது. கிட்னி கெட்டுப்போனவரை எதிரில் வைத்துக்கொண்டு நீயும்தான் என்ன பேசுவாய்? அதனால்தான் கடிதம். எழுத உட்கார்ந்தால்தான் உனக்கு உண்மை வரும்.

ஒரு வேலையும் இருக்கிறது. உங்கள் நகரத்தில் ஓட்டுநர் இல்லாத கார்களை விடப்போகிறார்கள். விடுவதற்கு முன்னால், விட்டால் ஊர் என்ன ஆகும் என்று கணித்துச் சொல்லும் பொறுப்பு எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் உங்கள் ஊரை அப்படியே கட்டி வைத்திருக்கிறோம். உன் கடைகூட இருக்கிறது, சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி. மனிதர்கள் எல்லோரும் புள்ளிகள். எல்லாப் புள்ளியும் ஒரே வேகத்தில் நடக்கிறது, சிக்னலில் மட்டும் கடக்கிறது. பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. உங்கள் சாலையில் ஜனங்கள் உண்மையில் எப்படிக் கடக்கிறார்கள் என்று கொஞ்சம் பார்த்து எழுதேன். உன்னைவிட அந்தச் சாலையைப் பார்த்தவர்கள் யார்?

அத்தானிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி


ஜனவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதைக் கேட்டு நீ என்ன செய்யப்போகிறாய். உன் தொப்பையைக் குறை. அவருக்குக் கால் வீக்கம் வற்றியிருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் தவறாமல் நடக்கிறது. "ஒண்ணு விட்டாலும் நெஞ்சுல தண்ணி கோத்துக்கும்" என்று டாக்டர் போன மாதம்தான் மிரட்டினார். அவருக்குப் பயமில்லை. எனக்குத்தான் பயம்.

சாலையைப் பற்றிக் கேட்டாய். நேர் எதிரே ஆஸ்பத்திரி வாசல், இந்தப் பக்கம் என் கடை. அட்மிட் ஆகிறவர்கள் வெறுங்கையோடு வந்துவிடுவார்கள். பிறகு கூட இருப்பவர்கள் வாளி, பிளாஸ்க், போர்வை, ரப்பர் செருப்பு என்று இந்தப் பக்கம் ஓடி வருவார்கள். சிக்னல் சாலைக் கோடியில் இருக்கிறது. அங்கே போய்க் கடக்க இங்கே யாருக்குப் பொறுமை? கையைத் தூக்க வேண்டும், வருகிறவன் கண்ணைப் பார்க்க வேண்டும், இறங்கிவிட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

நான் இடது கையால் அவர் முழங்கையைப் பிடித்துக்கொள்வேன், வலது கையைத் தூக்குவேன். பஸ்காரர் ஒருவர் இருக்கிறார், நிறுத்திவிட்டு எங்கேயோ வேடிக்கை பார்ப்பார், நமக்காக நிறுத்தவில்லையாம். பால் வண்டிக்காரன்தான் துடுக்கு. "ஏம்மா, சார் தூங்கிக்கிட்டே வர்றாரா?" என்றான் ஒருநாள். "தூங்கலப்பா, இதுதான் அவரு ஓட்டம்" என்றேன். அவனும் சிரித்துவிட்டான். நிறுத்தாமல் போனவன் எவனுமில்லை.

அந்த வாசலுக்காகத்தான் இந்தக் கடையையே பிடித்தோம். வாளி விற்பதெல்லாம் சும்மா, தம்பி. அவரை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் பிழைப்பு. இதையும் உன் பெட்டிக்குள் போட்டு வை.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

கால் வீக்கம் வற்றியது கேட்டு நிம்மதி. உன் கடிதத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டே வேலை பார்த்தேன். மெதுவாக நடக்கும் புள்ளிகளைச் சேர்த்தேன். நடுவில் கடக்கும் புள்ளிகளைச் சேர்த்தேன். அத்தானுக்கென்றே ஒரு புள்ளி, பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நீ. ஓடவிட்டுப் பார்த்தேன். கார் ஒவ்வொரு தடவையும் நின்றது. யார் குறுக்கே வந்தாலும் நிற்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள், கண்ணைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆக, உனக்கு நல்ல காலம் வருகிறது என்று வைத்துக்கொள். இனி கையைத் தூக்கக்கூட வேண்டாம்.

அடுத்த மாதம் வெள்ளோட்டமாக உங்கள் சாலையில் சில கார்கள் வரும். என்ன நடந்தாலும் ஒன்றுவிடாமல் எழுது. எங்கள் தலைவர் நேரில் போகவிட மாட்டேன் என்கிறார், சொந்தக்காரர் இருக்கும் இடத்துக்கு அனுப்பினால் பாரபட்சமாம். ஆனால் உன் கடிதத்தைப் படிக்காதே என்று அவர் சொல்லவில்லை.

இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியம், உண்மையாகவே சௌக்கியம். அதைச் சொல்லத்தான் கடையைப் பாதி சாத்திவிட்டு எழுதுகிறேன்.

உன் கார்கள் வந்துவிட்டன. சாலையில் அதற்குப் பெயர் புதுமாப்பிள்ளை. மெதுவாக, பட்டும் படாமலும் வருகிறது, எல்லோருக்கும் அடங்கி நிற்கிறது. முதல் வாரம் ஜனங்கள் பயந்தார்கள். இப்போது பயம் விட்டுப்போயிற்று. போன் பேசிக்கொண்டே குறுக்கே போகிறார்கள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் அதன் முன்னால் நின்று வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு போகிறார்.

விஷயம் அதில்லை. போன வியாழக்கிழமை நாங்கள் இறங்கினோம். புதுமாப்பிள்ளை வந்து நின்றது. உன் அத்தான் நடுச்சாலையில் நின்றார். என் கையிலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டார். கைத்தடியைத் தூக்கி, போலீஸ்காரர் மாதிரி, "நில்லு" என்றார். அதுதான் ஏற்கெனவே நிற்கிறதே! இவர் ஒரு அடி பின்னால் வந்தார், அது மெல்ல நகர்ந்தது. மறுபடி முன்னால் போனார், நின்றது. பிறகு அதற்கு ஒரு கும்பிடு போட்டார். பின்னால் வரிசையாக எத்தனையோ வண்டி. நான் தலையில் அடித்துக்கொள்கிறேன், அவர் சிரிக்கிறார். நோய் வந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை, தம்பி. "இவ்வளவு நாளா நான் எல்லாருக்கும் பயந்து நடந்தேன், இப்ப என்னைப் பார்த்து ஒருத்தன் பயப்படுறான்" என்கிறார். இப்போது போகும்போதெல்லாம் அதே கூத்துதான். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வந்தால் காலையிலேயே சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

உனக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருப்பதைப் படித்து நானும் சுகமானேன். அத்தான் செய்த கூத்தை மதியம் சாப்பிடும்போது அலுவலகத்தில் படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, "அதை இன்னொரு தரம் படிப்பா" என்றார்.

ஒருவர் செய்தால் வேடிக்கை, சாலையே செய்தால் கார் நகருமா என்று கேட்டார். யாருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. புள்ளிகளைப் பயமில்லாத புள்ளிகளாக மாற்றி ஓடவிட்டேன். அவர் சொன்னது சரி. உங்கள் சாலை மட்டுமல்ல, ஆஸ்பத்திரியைச் சுற்றி எல்லாமே நின்றுபோயிற்று. பிறகு அதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். அதற்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். "நல்லா வந்திருக்கு" என்று முதுகில் தட்டினார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

உன் கடைக்கு முன்னால் சாலையில் ஏதாவது வேலை நடந்தால் பதறாதே. பாதுகாப்புக்காகத்தான் செய்வார்கள். அத்தானை இனிமேல் கொஞ்சம் அடக்கி வை.

தம்பி


ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ரொம்ப நாளாக உன்னிடமிருந்து கடிதமில்லை. நானும் எழுதவில்லை.

சாலையின் நடுவே வேலி போட்டுவிட்டார்கள். ஆள் உயரத்துக்கு இரும்புக் கம்பி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒரு சந்துகூட விடாமல். கோடியில் இருந்த சிக்னலையும் எடுத்துவிட்டார்கள். பெட்ரோல் பங்க் பக்கம் ஒரு நடைமேம்பாலம் கட்டியிருக்கிறார்கள். முதல் நாள் போனோம். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. பின்னால் வந்தவர்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். யாரோ இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து கீழே விட்டார்கள். அவர் என் முகத்தையே பார்க்கவில்லை.

சரி, அந்தப் புதுமாப்பிள்ளையையே கூப்பிடுவோம் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் போனில் கூப்பிட்டுக் கொடுத்தார். எதிர்வாசலுக்குப் போக ஊரைச் சுற்ற வேண்டுமாம். சுற்றட்டும். ஆனால் அது வந்து கொஞ்ச நேரம்தான் நிற்கிறது. இவர் ஒரு காலை உள்ளே வைத்தார், மற்றதை எடுக்க மூச்சு வாங்குகிறார். "காத்திருக்கும் நேரம் முடிந்தது, நன்றி" என்று ஒரு பெண் குரல் தேனாகச் சொன்னது. இவர் பயந்து காலை வெளியே எடுத்தார். அது போய்விட்டது. முன்பு டாக்சிக்காரர் என்றால் இறங்கி வந்து கக்கத்தில் கை கொடுத்து உட்கார வைப்பார். இப்போது டாக்சியோ ஆட்டோவோ இந்தப் பக்கம் வருவதே இல்லை.

இந்த வேலி யார் யோசனை? உனக்குத் தெரிந்தவர்களாக இருந்தால் சொல், ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

வேறு விசேஷமில்லை.

அக்கா


ஆகஸ்ட் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தானை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

அந்த மேம்பாலத்தில் லிப்ட் வைக்க வேண்டும் என்று அறிக்கையில் நானே எழுதினேன், தடித்த எழுத்தில். படியை மட்டும் கட்டிவிட்டு லிப்டை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டார்களாம். கார் அதிக நேரம் நிற்க ஏற்பாடு இருக்கிறது, உடல்நலமில்லாதவர் என்று முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதற்கான வழியைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் காட்டு.

யார் யோசனை என்று கேட்டிருந்தாய். அலுவலகத்தில் எதுவும் ஒருவர் யோசனை என்று வருவதில்லை அக்கா. ஒருவர் ஒன்று சொல்வார், இன்னொருவர் கணக்குப் போடுவார், மூன்றாமவர் கையெழுத்துப் போடுவார். உங்கள் சாலையில் போன மாதம் ஒரு விபத்துகூட இல்லை, அதையும் நீ பார்க்க வேண்டும்.

டயாலிசிஸ் தவறாமல் நடக்கிறதா? அதை மட்டும் உடனே எழுது.

தம்பி


ஆகஸ்ட் 28

தம்பிக்கு,

நலம். பதிவு செய்தோம். பரிசீலனையில் இருக்கிறதாம்.

ஜெராக்ஸ் கடைக்காரர் கைகொடுத்து மேம்பாலம் ஏற்றிவிட, அவர் இப்போது வாரத்துக்கு இரண்டு தரம்தான் போகிறார். போன வாரம் ஒரு தரம். மூன்று தரம் வேண்டாமாம். யார் சொன்னது என்று கேட்காதே. "நல்லாத்தான் இருக்கேன், சும்மா இரு" என்று என்னையும் அதட்டுகிறார். உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார், படுத்தால் மூச்சு முட்டுகிறது.

கடையில் வியாபாரம் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒருத்தி "பிளாஸ்க் இருக்கா?" என்று கத்தினாள். இருக்கிறது என்று நானும் கத்தினேன். பிறகு இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

விபத்து எப்படி நடக்கும், தம்பி? சாலையில் யார் இருக்கிறார்கள்?

அக்கா


செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியாவது அத்தானை மூன்று நாளும் போகச் சொல். ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டாவது போ.

தலைவரிடம் சண்டை போட்டேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு நேரே ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வேலியைத் திறந்துவிடுங்கள் என்றேன். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "எதுக்குப்பா திறக்கணும்? அந்த இடத்துல கடக்கிற ஆளே இல்லையே" என்றார். "வேலி இருக்கு சார், எப்படிக் கடப்பாங்க?" என்றேன். "வேணும்னு இருந்தா யாராவது கேட்டிருப்பாங்கல்ல? கேட்டதா எங்க பதிவாகியிருக்கு?" என்கிறார். கெட்ட மனிதரில்லை அவர். அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் தெரிகிறது.

ஆனால் ஒரு வழி சொன்னார். வருஷக் கடைசியில் எங்கள் ஆட்கள் உங்கள் சாலைக்கு வந்து கடைகளில் விசாரிப்பார்கள். இங்கே கடக்க வழி வேண்டும் என்று ஜனங்கள் சொன்னால், திறப்பதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அதனால் நீ இப்போதே எல்லாக் கடைக்காரரிடமும் பேசி வை. வருகிறவர்களிடம் அத்தானையே பேசச் சொல். நீயும் வாயைத் திற. அந்தச் சாலையில் யாருக்குப் பேச வரும், உன்னைத் தவிர?

கொஞ்ச நாள்தான் அக்கா, பல்லைக் கடித்துக்கொள்.

தம்பி


நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். நீ தனியாக எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா? இரண்டு நாள் அங்கே இருந்தேன், "சாப்பிட்டியா" என்பதைத் தவிர நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தானைத் தூக்கும்போதுகூட நான் தோள் கொடுத்தேனா இல்லையா என்று நீ பார்க்கவில்லை.

நீ சொல்லாததை ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார். காலையில் மூச்சுத் திணறல் வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருக்கிறீர்கள். வார்டுப் பணியாள் உடனே தள்ளுநாற்காலியோடு ஓடி வந்துவிட்டாராம். வேலிக்கு அந்தப் பக்கம். நீ இந்தப் பக்கம் அத்தானைத் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாய். ஆம்புலன்ஸ் ஊரைச் சுற்றி வரும்வரை அந்தப் பணியாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாராம். "கூப்பிட்டா கேக்குற தூரம் சார். அவரு பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு, இந்தா வந்துருவோம்னு" என்று சொல்லி ஜெராக்ஸ் கடைக்காரர் அழுதுவிட்டார். எனக்கு அழக்கூட வரவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன். சொல்லாமலே ரயில் ஏறிவிட்டேன்.

அடுத்த மாதம் விசாரிக்க ஆட்கள் வருகிறார்கள். இந்த நேரத்தில் இதைக் கேட்பது தப்புதான். ஆனாலும் சொல், அக்கா. அத்தான் மாதிரி இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நீ ஒருத்தி சொன்னால்கூட அதை வைத்து நான் போராடுவேன். எனக்கும் அது வேண்டும்.

பதில் எழுது, இரண்டு வரியாவது.

தம்பி


டிசம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், ஒரு ஆளுக்குச் சமைக்கக் கை வர மாட்டேன் என்கிறது, தினமும் மிஞ்சுகிறது.

நீ சொல்ல வந்தது எனக்குத் தெரியும், அந்த வேலி நீ போட்டுக் கொடுத்த கணக்கு. ஏப்ரலில் நீ எழுதியதைப் படிக்கும்போதே தெரிந்திருக்க வேண்டும், வேலி வந்த அன்று தெரிந்தது. யார் யோசனை என்று உன்னைக் கேட்டதுகூடத் தெரிந்துதான். இனி சொல்ல வேண்டாம். கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உன் மேலும் இருக்கிறது, அந்தச் சிரிப்பை உனக்கு எழுதிய என் மேலும் இருக்கிறது. எது பெரிது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

உங்கள் அலுவலகத்துப் பெண் செவ்வாய்க்கிழமை வந்தாள். வெயிலில் வாடிப்போயிருந்தாள், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மரியாதையான பெண். "அக்கா, இந்த இடத்துல ரோட்டைக் கடக்க வழி வேணும்னு யாராவது கேக்குறாங்களா?" என்றாள். ஜெராக்ஸ் கடைக்காரர் இருந்தால் பேசியிருப்பார், அவர் போன வாரமே கடையைக் காலி செய்துகொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் சாலையைப் பார்த்தேன். கார்கள் போய்க்கொண்டே இருந்தன, பாதிக்கு மேல் காலியாக. நடைபாதையில் ஒரு ஆள் இல்லை.

"இல்லம்மா, யாரும் கேக்கல" என்றேன்.

"உங்களுக்கு வேணுமாக்கா?"

"எனக்கு எதுக்கும்மா? அந்தப் பக்கம் எனக்கு யாரும் இல்ல."

எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நீ சொல்லச் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். நல்ல காரியம்தான். ஆனால் அவர் இருந்தபோது திறக்காத வேலி அவரில்லாதபோது திறப்பதை என்னால் தாங்க முடியாது. எனக்கு அந்தப் பெரிய மனசு இல்லை, தம்பி. இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. மாதக் கடைசியில் நானும் கடையைக் காலி செய்கிறேன்.

அந்தத் தாள் உன் மேசைக்குத்தான் வரும். அதில் இருப்பது என் பதில். மாற்றி எழுதாதே.

குளிர்காலம், காதை மூடிக்கொண்டு தூங்கு.

அக்கா